வெளிநாட்டுத் துணையுடன் இந்தியாவில் வாழ: எக்ஸ்-2 விசாவா, ஓசிஐ அட்டையா?

இந்தியக் குடிமக்களை மணந்த வெளிநாட்டவர் இங்கேயே தங்கிக் குடும்பம் நடத்த விரும்பினால், எக்ஸ்-2 எனப்படும் நுழைவு விசா, ஓசிஐ எனப்படும் ‘இந்தியாவின் வெளிநாட்டுக் குடியுரிமை’ (Overseas Citizen of India) அட்டை ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் பெரும்பாலும் நாட வேண்டியிருக்கும். எதை நாடுவது என்பதைத் திருமணப் பதிவுத் தேதியே ஏறக்குறைய தீர்மானித்துவிடுகிறது. பதிவு செய்யப்பட்ட திருமணம், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளேனும் இடையறாது நீடித்திருந்தால்தான் ஓசிஐ கோர முடியும் என்று 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் சொல்கிறது.

ஆகவே மண்டபத்தில் தாலி கட்டியதோடு நின்றுவிடாமல் உடனே பதிவு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டில் நடந்த திருமணத்தை 90 நாள்களுக்குள் பதிய வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டின் சட்டம். மணமக்கள் வெவ்வேறு மதத்தினராக இருந்து, 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தின்கீழ் மணம் செய்வதானால், 30 நாள் அறிவிப்புக் காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். வெளிநாட்டில் பதிவான திருமணம் என்றால், அந்தச் சான்றிதழுக்கு அந்நாட்டிலேயே அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று பிற நாடுகளுக்கு உறுதிசெய்யும் அரசு முத்திரை) பெற்றுவிட்டுப் புறப்படுவது நல்லது.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது: தலைப்பெழுத்து. கணவரின் பாஸ்போர்ட்டில் ‘குமரன் சுப்பிரமணியன்’ என்றும், திருமணச் சான்றிதழில் ‘சு. குமரன்’ என்றும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று நிறுவும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்திடும் முன்பே, இருவர் பெயரையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு ஆண்டுகளுக்கு எக்ஸ்-2 விசாவே பொருத்தம். சுற்றுலா விசாவில் வந்து இங்கே மணம் முடித்தவர்கள், எஃப்ஆர்ஆர்ஓ எனப்படும் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் இணையதளம் வழியாக எக்ஸ்-2 விசாவுக்கு மாற விண்ணப்பிக்கலாம். சென்னையில் இந்த அலுவலகம் ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவன் வளாகத்தில் உள்ளது. 180 நாள்களுக்கு மேற்பட்ட விசாவில் வருபவர்கள், வந்த 14 நாள்களுக்குள் பதிவு செய்துகொள்ள வேண்டும். இந்த விசாவின் பெரிய குறை, அதை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது என்பதுதான். இருவர் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் வாங்க நினைப்பவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

ஓசிஐ கிடைத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை: ஆயுள் முழுவதும் வந்துபோகலாம், வேலை பார்க்கலாம், எஃப்ஆர்ஆர்ஓ பதிவும் வேண்டாம். இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கக் கட்டணம் 15,000 ரூபாய். ஆனால் துணைவருக்கான விண்ணப்பத்தில் பாதுகாப்பு விசாரணை கட்டாயம் என்பதால் முடிவுக்கு நாளாகலாம்; அதுவரை எக்ஸ்-2 விசா காலாவதியாகிவிடாமல் நீட்டித்துக்கொண்டே வர வேண்டும். சுற்றுலா விசாவில் இருந்துகொண்டு இந்தியாவுக்குள் ஓசிஐ விண்ணப்பம் கொடுக்க முடியாது. துணைவரோ அவருடைய பெற்றோர், தாத்தா பாட்டி, அவர்களுக்கு முந்தைய தலைமுறையினரோ பாகிஸ்தான் அல்லது வங்கதேசக் குடிமக்களாக இருந்திருந்தால் இந்த வழி அடைபட்டுவிடுகிறது. இலங்கைக்கு அத்தகைய தடை இல்லை.

பெயரில் குடியுரிமை என்ற சொல் இருப்பதால் ஓசிஐயை இரட்டைக் குடியுரிமை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள், அது சரியல்ல. வாக்குரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. ஊரில் தோப்பு வாங்கித் துணைவர் பெயரில் எழுதலாம் என்ற திட்டம் இருந்தால் கைவிட வேண்டியதுதான். உண்மையான குடியுரிமையே வேண்டுமென்றால், ஏழு ஆண்டுகள் இங்கே வசித்த பின் அதற்கு விண்ணப்பிக்கலாம். அப்போது சொந்த நாட்டுக் குடியுரிமையைத் துறக்க நேரும்.

மேலும், திருமணத்தின் வழியாக வந்த ஓசிஐ அந்தத் திருமணத்தையே சார்ந்தது. நீதிமன்றம் மணமுறிவு அளித்தால் அட்டையை ரத்து செய்யச் சட்டத்தில் இடமிருக்கிறது. துணைவர் புதிய பாஸ்போர்ட் பெறும் ஒவ்வொரு முறையும், அது கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள், அதன் நகலுடனும் புகைப்படத்துடனும், திருமணம் இன்றும் நீடிக்கிறது என்ற உறுதிமொழியையும் இணையத்தில் பதிவேற்ற வேண்டும்.