பட்டம் இழந்த அரசரின் மகனைத் தேடுவது எப்படி: திருவிடைமருதூர் பிரதாபசிம்மரை முன்வைத்து

ஆட்சியில் இருந்த அரசரைப் பற்றி எழுதுவது எளிது. அவருடைய தானங்களும் திருப்பணிகளும் கல்லிலும் செம்பிலும் கிடைக்கின்றன. அரியணையிலிருந்து இறக்கப்பட்டவரின் மகனைப் பற்றி எழுத வேறு வழி தேவைப்படுகிறது. காவிரிக் கரையில் அதற்கு ஏற்ற ஒருவர் தஞ்சை மராட்டிய அரசர் அமரசிம்மரின் மகன் பிரதாபசிம்மர். ஊர் வரலாறு எழுத முற்படுவோருக்கு உதவும் என்று, நான் தேடிய முறையை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். மராட்டிய அரச குடும்பத்தில் பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுவது வழக்கம். 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட பிரதாபசிம்மர் அமரசிம்மரின் தந்தை. நாம் தேடுபவர் அவருடைய பேரன். பாட்டனார் அளித்த கொடை ஒன்றைப் பேரன் கணக்கில் எழுதி, பெரியவர் ஒருவரிடம் நான் நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டதுண்டு. எனவே பெயரைக் கண்டதும் ஆண்டைப் பார்க்க வேண்டும். வருவாய்க் கணக்குகளில் வரும் பசலி ஆண்டோடு 590-ஐயும், சக ஆண்டோடு 78-ஐயும் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு கிடைக்கும். ஊர்ப் பெயரிலும் இதே கவனம் வேண்டும். பழைய ஏடுகளில் திருவிடைமருதூரை மத்தியார்ச்சுனம் என்றும் எழுதியிருப்பார்கள்.

அடுத்து, வாழ்க்கையை முன், பின் என்று பிரிக்கும் ஆண்டை உறுதிசெய்யுங்கள். இங்கே அது 1798. துளஜா மன்னர் 1787-இல் இறப்பதற்குச் சற்று முன் சரபோஜியைச் சுவீகாரம் எடுத்திருந்தார். அந்தப் பிள்ளை தன் பெற்றோருக்கு ஒரே மகன், பத்து வயது நெருங்கியவன் என்பன போன்ற காரணங்களைச் சொல்லிப் பண்டிதர்கள் அந்தச் சுவீகாரம் செல்லாது என்றனர். கும்பினியார், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார், அதை ஏற்று, துளஜாவின் தம்பி முறையான அமரசிம்மரை அரசராக்கினர். பாதிரியார் சுவார்ட்ஸ் சரபோஜியின் பக்கம் நின்றார். 1793-இல் சரபோஜி சென்னைக்கு அழைத்துச் செல்லப்பட்டார். பின்னர் வேறு பண்டிதர்களிடம் கேட்டபோது சுவீகாரம் செல்லும் என்று விடை வந்தது. 1798-இல் அமரசிம்மர் அரியணையிலிருந்து இறக்கப்பட்டு, சரபோஜி பட்டம் ஏறினார். சாத்திரம் பதினோரு ஆண்டில் மாறிவிடவில்லை, கேட்டவர்களின் தேவைதான் மாறியது என்பது என் எண்ணம். மறு ஆண்டே, 1799 அக்டோபரில், சரபோஜி உடன்படிக்கை ஒன்றின் வழியாக நாட்டின் நிர்வாகத்தைக் கும்பினியிடம் ஒப்படைத்தார் என்பதையும் சேர்த்துப் படித்தால் காரணம் விளங்கும். ஆட்சி இப்படிக் கைமாறுவதை அக்காலத்து ஆங்கிலேயர் புரட்சி என்றே குறித்தார்கள். நம் காலத்துப் பொருளை அதில் ஏற்றிப் படிக்கக் கூடாது.

மகனுடைய வாழ்க்கையின் முற்பகுதியைத் தந்தை ஆண்ட அந்தப் பதினோரு ஆண்டுகளின் தஞ்சை அரண்மனைக்குள் தேட வேண்டும். இதற்கு மோடி என்னும் பழைய மராத்தி எழுத்து வடிவில் அமைந்த ஆவணங்கள் உதவும். மோடி படிக்கத் தெரியாதவர்கள் தயங்க வேண்டியதில்லை. தமிழ்ப் பல்கலைக்கழகம் அவற்றில் ஒரு பகுதியைத் தமிழாக்கி வெளியிட்டிருக்கிறது. பெரிய கோயில் சுற்றுச்சுவரில் 1803-இல் வெட்டப்பட்ட நீண்ட மராத்திக் கல்வெட்டு, தஞ்சை மராட்டிய அரசர்களின் குடும்பமான போன்சலே குடும்பத்தின் வரலாற்றைச் சொல்கிறது. ஆனால் அதை வெட்டச் சொன்னவர் சரபோஜி. அமரசிம்மரோ அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். மறுத்துச் சொல்ல ஆள் இல்லாத வழக்கைப் படிப்பதைப் போல அதைப் படியுங்கள். சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில், இறக்கும் நிலையில் கிடக்கும் சுவார்ட்ஸின் அருகே சரபோஜி நிற்பதாகச் செதுக்கிய சலவைக்கல் சிற்பத்துக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

பிற்பகுதிக்குத் தஞ்சையை விட்டுப் புறப்பட வேண்டும். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைச் சாலையில் ஏறக்குறைய ஒன்பது கிலோமீட்டர் சென்றால் திருவிடைமருதூர். பட்டம் இழந்த அமரசிம்மர் உதவித்தொகை பெற்றுக் குடியேறிய ஊர் இதுதான். நாடு போன பின்பும் சபை போகவில்லை. கனம் கிருஷ்ணையர் இங்கே பாடினார். பிரதாபசிம்மர் சபையில் இருந்த ராமதாஸரிடம் கோபாலகிருஷ்ண பாரதியார் இந்துஸ்தானி இசை கற்றார். ஆகவே மகனைத் தேடுவோர் வருவாய்க் கணக்குகளைவிடப் பாடகர்களின் வரலாறுகளை முதலில் படிப்பது நல்லது. உ.வே.சாமிநாதையர் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார் இருவரைப் பற்றியும் தனித்தனி நூல் எழுதியிருக்கிறார். கனம் கிருஷ்ணையர் அவருடைய தந்தையாருக்குச் சங்கீத ஆசிரியரும் மாமன் உறவும் ஆனவர் என்பதால், அந்தச் செய்திகள் வீட்டுத் திண்ணையில் கேட்ட நெருக்கத்தோடு வருகின்றன.

இறுதியாக மகாலிங்கசுவாமி கோயிலுக்குச் செல்லுங்கள். தைப்பூச நாட்களைத் தவிர்த்து, கூட்டம் குறைந்த மாலையில் செல்வது நலம். படம் எடுப்பதற்கு முன் அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிடுங்கள். குருக்களிடம் பாவை விளக்கு என்று கேட்டால் காட்டுவார். இரு கைகளிலும் அகலை ஏந்தி நிற்கும் உலோகப் பெண் உருவம் அது. முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாமல், குனிந்து பீடத்தைப் பாருங்கள். எழுத்து அங்கேதான் இருக்கிறது. மாமன் மகனான பிரதாபசிம்மரை மணக்க விரும்பிய அம்மணு அம்மணி, எண்ணம் நிறைவேறினால் லட்ச தீபம் ஏற்றுவதாக வேண்டிக்கொண்டார். அது நிறைவேறவே, லட்ச தீபம் ஏற்றி, அதில் ஒரு விளக்காகத் தம்மையே பாவையாக வார்த்து நிறுத்தினார். ஆண்டு 1853. எண்ணெய் படிந்த எழுத்தைத் தேய்க்காதீர்கள், மாவு பூசாதீர்கள். கைவிளக்கைப் பக்கவாட்டில் தாழப் பிடித்தால் வரிகள் தாமாகவே எழுந்து நிற்கும். ஒவ்வொரு வரியாகக் குறிப்பேட்டில் படியெடுத்துக்கொண்டு, கோயிலை விட்டு வெளியேறும் முன் மறுபடியும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.