மத்தளத்தின் வயதைக் கேட்டால் வாயைத் திறக்காதீர்கள்

பெட்டியில் என்ன அடுக்குவது என்று சொல்ல வரவில்லை. மட்டக்களப்புக்குப் போய் ஒரு கூத்துக் களரியோடு, அதாவது கூத்தாடுகிற குழுவோடு, நாலு நாள் இருந்து, மத்தளத்தில் கை வைத்துப் பழகிவர நினைக்கிற ஒஸ்ரேலியாக்காரருக்கு மட்டும் இது. திரும்பும்போது ஒரு மத்தளத்தையும் தூக்கிவர நினைக்கிறவர்கள் இரண்டு தரம் வாசிக்கவும்.

முதலில் காலம். எங்களுக்கு நீண்ட லீவு மார்கழியில். அங்கே அப்போது அடைமழை. வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் பாதி வயல் தண்ணீருக்குள் நிற்கும், மத்தளத் தோலும் ஈரம் பிடித்துத் தொய்ந்துபோகும். வேளாண்மை வெட்டி முடிந்த பிறகு போங்கள். மண்முனைப் பாலம் 2014இல் திறந்ததிலிருந்து அக்கரை போவது பெரிய காரியமில்லை. நான் சிறுவனாக இருந்தபோது பாதை என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்தோம். அந்தக் காத்திருப்பு இப்போது இல்லை என்று மச்சானிடம் குறைப்பட்டேன். "நீ இங்க இருந்து காத்திருந்தாத்தானே தெரியும்" என்றான். இதெல்லாம் கேட்கத்தான் வேண்டும்.

பழக்கத்துக்குப் போனால் நேரே மத்தளத்துக்குப் பக்கத்தில் போய் இருக்காதீர்கள். சல்லரி என்கிற சிறு தாளத்தைத் தருவார்கள், அதைத் தட்டுங்கள். "ததித்துளாதக ததிங்கிண திமிதக" என்று கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் வாயால் சொல்லும்போது கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். அந்தச் சொற்கட்டு வாயில் ஏறாமல் கையில் ஏறாது. மெல்பேர்னில் ஞாயிற்றுக்கிழமை மண்டபம் எடுத்து நாங்கள் பதினொரு பேர் அடிப்பது ஒன்றரை மணிநேர மேடைக்கு வெட்டிய கூத்து. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனை மாணவர்களைக் கொண்டு 'கர்ணன் போர்' போட்ட காலத்திலிருந்து இப்படிச் சுருக்கி ஆடும் வழக்கம் உண்டு, அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் ஊரில் சட்டங்கொடுத்து (ஆளுக்கு ஆள் பாத்திரம் பிரித்து), மாதக்கணக்கில் பழகி, சதங்கை அணிந்து, அரங்கேறி, பிறகு வீட்டுக்கு வீடு ஆடுகிறார்கள். வட்டக்களரி என்கிற வட்டமான ஆடுகளத்தில் விடியுமட்டும் அடிக்கிற கைக்கு முன்னால் நம்முடைய கை அரைமணி நேரத்தில் வீங்கிவிடும். எனக்கு வீங்கியது. பெடியன்கள் சிரிக்கவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

காசை யார் கையிலும் நீட்டாதீர்கள். வெற்றிலையில் வைத்து அண்ணாவியாரிடம் கொடுங்கள்.

இனி நான் தூக்கிவர நினைத்த மத்தளம். அது என் அப்பாவுடையது. நான் 1990இல் ஊரைவிட்டுப் போனேன். அவருடைய செத்தவீட்டுக்கும் வரவில்லை. மத்தளத்தைக் களரிதான் வைத்திருந்தது. அண்ணாவியார் எனக்கு மாமா முறை. "உங்கட அப்பாட சாமான்தானே மருமகன், கொண்டு போங்க" என்றார். சொல்லிவிட்டு அதன் வாரை இழுத்து இழுத்துச் சரிபார்த்துக்கொண்டே இருந்தார். அதை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

எயார்போட்டில் மறிப்பார்கள், கடிதம் ஒன்று எடு என்றான் மச்சான். போனேன். தொல்பொருள் கந்தோரில் இருந்தவர் ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "எத்தனை வருஷப் பழசு?" எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "எங்கட அப்பாட அப்பா கடைஞ்சது. எழுபதுக்கு மேல." அவருடைய பேனை அந்த இடத்திலேயே நின்றது. இலங்கையில் 50 வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை அனுமதியில்லாமல் வெளியே கொண்டுபோக முடியாது. தோல் போன வருஷம் போட்டது, வார் அதற்கும் பிறகு கட்டியது, மரம் மட்டும்தான் பழையது என்று வாதாடிப் பார்த்தேன். பெருமை பேசிய வாயால் பேசுகிற வாதம் எடுபடாது.

கிராம சேவகர் கடிதம், நாலு பக்கத்தாலும் படம், பிறகு கொழும்பு. உதயதேவி ரயிலில் மத்தளத்தை மடியில் வைத்துக்கொண்டு போனோம். எனக்குக் கிடைத்த இரண்டு வாரமும் சித்திரை லீவு, அவர்களுக்கும் சித்திரை லீவு! புதுவருஷத்துக்குப் பூட்டிய கதவு திறந்தும் கையெழுத்து வைக்கிறவர் ஊரிலிருந்து வரவில்லை. மூன்றாம் தரம் போனபோது ஒரு அம்மா இருந்தார். நல்ல மனுசி. மத்தளத்தின் வலப்பக்கத் தோலான வலந்தலையை விரல் மூட்டால் ஒரு தட்டுத் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு படிவம் தந்தார். அதில் ஒரு இடத்தில், பொருள் தற்போது பாவனையில், அதாவது பயன்பாட்டில், உள்ளதா என்று கேட்டிருந்தது. முந்தின கிழமை இரவெல்லாம் பெடியன்கள் அதில்தான் அடித்தார்கள். நான் "இல்லை" என்று எழுதினேன். மச்சான் பக்கத்தில் நின்று வாசித்தான். ஒன்றும் பேசவில்லை. வெளியே போய்த் தேத்தண்ணி வாங்கிவந்தான், தனக்கு மட்டும்.

ஆறு கிழமை ஆகும் என்றார்கள். என் பிளைட் சனிக்கிழமை.

கடிதம் கிடைத்திருந்தாலும் மெல்பேர்னில் அடுத்த வாசல் இருக்கிறது. தோலும் மரமும் இருந்தால் இறங்கும்போது பயணி அட்டையில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். மரத்தில் பூச்சித் துளை இருந்தாலோ தோல் பதப்படுத்தாததாக இருந்தாலோ உங்கள் செலவில் சுத்திகரிப்பு, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு, அதுவும் இல்லாவிட்டால் அழிப்பு. மறைத்தால் தண்டம். கஞ்சிரா வாங்குகிறவர்கள் உடும்புத் தோலைத் தொடவே வேண்டாம், ஆட்டுத் தோல் போட்டதைக் கேளுங்கள். மத்தளம் வேண்டுமென்றால் புதிதாகச் செய்வித்து, செய்தவரிடம் திகதியோடு ரசீது எழுதி வாங்குங்கள். தாத்தாவைப் பற்றி வாயே திறக்க வேண்டாம்.

அப்பாவின் மத்தளம் மச்சானோடு பஸ்ஸில் திரும்பிப் போனது. போன மாதம் மாமா கோல் எடுத்தார். "வலந்தலை கிழிஞ்சிட்டு மருமகன், அரங்கேற்றம் கிட்ட வருது." காசு அனுப்பினேன். மச்சான் ரசீதைப் படம் எடுத்து வட்ஸப்பில் போட்டான். அவன் கையெழுத்துத்தான்: "பாவனையில் உள்ள மத்தளத்துக்குத் தோல், ஒன்று."