விஆர் ஹெட்செட்டில் முதல் அலுவலகக் கூட்டம்: புதிதாகத் தொடங்குவோருக்கு

காணொளிக் கூட்டத்தில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டு பேச்சுமே புரியாது. விஆர் ஹெட்செட்டை, அதாவது கண்களை மூடி அணியும் மெய்நிகர் காட்சிக் கருவியை, மாட்டிக்கொண்டு நுழையும் மெய்நிகர் அறையில் அப்படியில்லை. இடப்பக்கம் அமர்ந்திருப்பவரின் குரல் இடப்பக்கத்திலிருந்தே வருகிறது. அவரை நோக்கித் திரும்பினால் அதே குரல் நேர் எதிரே கேட்கிறது. இந்த ஒன்றுக்காகவே விஆர் கூட்டத்தை முயன்று பார்க்கலாம் என்பேன்.

1. இடம்: முதல் முறை உட்கார்ந்தே கலந்துகொள்ளுங்கள். சுழல் நாற்காலி நல்லது. கை நீட்டினால் எதிலும் இடிக்கக் கூடாது. மேசை மேலிருக்கும் தண்ணீர்க் குவளையை அகற்றிவிடுங்கள்.

2. அணிவது: இதில் அவசரப்படாதீர்கள். பலருக்கு முதல் அனுபவம் கெடுவது இங்கேதான். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டின் எடை 515 கிராம். பின்வாரை மட்டும் இறுக்கினால் அத்தனை பாரமும் கன்னத்தில் அழுந்தும். பின்வார் பின்மண்டையின் மேட்டுக்குக் கீழே பிடித்திருக்கட்டும். மேல்வார் பாரத்தைத் தாங்கட்டும். பிறகு ஏதாவது ஒரு வரியைப் படித்துக்கொண்டே கருவியை மேலும் கீழும் மெல்ல நகர்த்துங்கள். எழுத்து பளிச்சென்று தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். அப்படியும் மங்கலாக இருந்தால் லென்ஸ்களின் இடைவெளியை மாற்றுங்கள். பெரியவர்களின் கண்மணிகளுக்கு இடையே சராசரியாக 63 மில்லிமீட்டர் இருக்கும். உங்களுடையது கூடலாம், குறையலாம்.

3. கணக்கு, அவதார் (அறையில் உங்களுக்குப் பதிலாகத் தெரியும் உருவம்): திரையில் வரும் குறிப்புகளே போதும். அலுவலகம் அனுமதித்த செயலிதானா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

4. ஒத்திகை: முந்தைய நாளே ஒரு சக ஊழியருடன் பத்து நிமிடம் பேசிப் பாருங்கள். மைக், வைஃபை, சார்ஜ் மூன்றும் அப்போதே தெரிந்துவிடும்.

5. கூட்டத்தில்: அறைக்குள் வழுக்கிக்கொண்டு நகராதீர்கள், ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தாவும் முறையைத் தேர்ந்தெடுங்கள். நகர்வதாகக் கண் சொல்ல, உட்கார்ந்திருப்பதாகக் காதின் உட்பகுதி சொல்லும். அந்த முரண்பாடுதான் தலைசுற்றலும் குமட்டலும். லேசாகத் தொடங்கினாலும் உடனே கழற்றிவிடுங்கள், பொறுத்துக்கொள்ள வேண்டாம். முதல் கூட்டம் 20 நிமிடத்தைத் தாண்ட வேண்டியதில்லை.

அவதாரின் முகம் உங்கள் முகக்குறிப்பு முழுவதையும் காட்டாது. உடன்பாடு என்றால் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒருவரின் குறையை எடுத்துச் சொல்லும் பேச்சுக்கு இந்த அறை வேண்டவே வேண்டாம். குறிப்பெடுக்கும் வேலையை, செயலி இடம் தந்தால், மடிக்கணினி வழியாகச் சேருபவரிடம் விடுங்கள்.

6. முடிந்ததும்: லென்ஸை உலர்ந்த மென்துணியால் துடைத்து உறையில் வையுங்கள். ஜன்னலோரம் வேண்டாம். லென்ஸ் வழியே குவியும் வெயில் உள்ளிருக்கும் திரையைப் பொசுக்கிவிடும். அந்தக் கறை பிறகு போகாது.