வால்பாறை, டாப்சிலிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்தில் ரெண்டு நாள் லீவு சேர்ந்தாற்போல் கிடைத்தால், ஊட்டிக் கூட்டத்துக்குப் பயந்தே பலர் இப்போது வால்பாறைக்குக் கிளம்பிவிடுகிறார்கள். கிளம்புவது நல்லதுதான். ஆனால் ஊட்டிக்குப் போடும் அதே திட்டத்தை வால்பாறைக்கும் போடுகிறார்கள் பாருங்கள், சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. ஊட்டியில் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா என்று டிக்கெட் எடுத்து வரிசையாகப் பார்த்துவிட்டு வரலாம். வால்பாறையில் அப்படி இடங்கள் குறைவு. சுற்றிலும் ஆனைமலை புலிகள் காப்பகம். நடுவில் தேயிலை எஸ்டேட்டுகள். எஸ்டேட்டுகளுக்கு இடையே திட்டுத் திட்டாகச் சோலைக்காடு. ஒரு திட்டிலிருந்து இன்னொரு திட்டுக்கு யானையும் காட்டுமாடும் சிறுத்தையும் தேயிலைக்குள்ளேயும் ரோட்டின் குறுக்கேயும் நடந்துகொண்டே இருக்கும். அந்தப் போக்குவரத்துக்கு நடுவில்தான் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள் இருக்கின்றன. அங்கே போகிற நாம் இது எல்லாவற்றுக்கும் இடையில் ரெண்டு நாள் நுழைந்து வருகிறோம். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லியிருப்பதில் பாதித் தவறு நடக்கவே நடக்காது.

முதலில் மேப்பைப் பார்த்துப் போடும் கணக்கு. வால்பாறையும் டாப்சிலிப்பும் ஒரே ஆனைமலையில்தான் இருக்கின்றன, மேப்பில் பக்கத்திலேயே தெரியும். "காலையில டாப்சிலிப், மத்தியானம் பரம்பிக்குளம், சாயந்திரம் வால்பாறை போயி ரூம் போட்டுக்கலாம்" என்று சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். ரெண்டுக்கும் நடுவே இருப்பது புலிகள் காப்பகத்தின் உட்காடு. பொதுமக்கள் வண்டி போகும் நேர்வழி கிடையாது. வால்பாறையிலிருந்து திரும்ப ஆழியாறு வரை இறங்கி, ஆனைமலை ஊர் வழியாகச் சேத்துமடை வந்து, அங்கிருந்து மறுபடி மலையேற வேண்டும். பரம்பிக்குளம் கேரளாவில் இருந்தாலும் அதற்கும் ரோட்டு வழி சேத்துமடை, டாப்சிலிப் வழிதான். ஆகவே ஒரு பயணத்துக்கு ஒரு மலை என்று வைத்துக்கொள்ளுங்கள். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 65 கிலோமீட்டர்தான் என்று ஒன்றரை மணி நேரம் போடுவதும் இதே வகைத் தவறு. ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள் வரும். நிறுத்தி நிதானமாகப் போனால் மூன்று மணி நேரம் ஆகும்.

இ-பாஸ் விஷயத்தை இன்னும் பலர் ஊட்டி, கொடைக்கானலோடு மட்டும் சேர்த்து நினைக்கிறார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. ஆழியாறு செக்போஸ்ட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, வரிசையில் நின்றபடி போனில் பதிவு செய்யப் பார்ப்பதைவிட முந்தின நாளே வீட்டில் எடுத்துவிடுவது மேல். அதே செக்போஸ்ட்டில் பிளாஸ்டிக்குக்கும் சோதனை உண்டு. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டிலோ கேனோ கொண்டுபோய்விட்டால் பேச்சே இல்லை.

அடுத்தது, இருட்டிய பிறகு மலையேறுவது. வேலை முடித்து ஆறு மணிக்குக் கோவையில் கிளம்பி, ராத்திரியோடு ராத்திரியாகப் போய்ச் சேரலாம் என்று நினைப்பவர்கள் அதிகம். மாலைக்கு மேல் சுற்றுலா வண்டிகளை விடுவதில் கட்டுப்பாடு உண்டு. கட்டுப்பாட்டை விடுங்கள், அட்டகட்டி தாண்டிக் கவர்க்கல் பக்கம் வந்தால் பனிமூட்டம் ரோட்டையே மறைத்துவிடும். ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் எதிரே நிற்கும். லோபீமில், ஓரத்துக் கோட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் போக வேண்டும். அந்த மூட்டத்துக்குள் ஒரு காட்டுமாடு அசையாமல் நின்றால், பத்தடி தூரத்தில் வந்த பிறகே தெரியும். முழுக்க வளர்ந்த காட்டுமாட்டுக் காளை ஆயிரம் கிலோ வரை எடை வரும்.

ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரியும். அங்கே வண்டி நிறுத்தாத ஆளில்லை. அந்தப் பாறைச் சரிவுகளில்தான் வரையாடு மேயும். தமிழ்நாட்டின் மாநில விலங்கு அது. தென்னிந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் காட்டில் கிடையாது. மனிதர்களைப் பார்த்துப் பழகிப்போனதால் சில சமயம் ரோட்டோரத் தடுப்புச் சுவருக்கே வந்துவிடும். உடனே பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து நீட்டுகிறார்கள், ஒட்டி நின்று செல்ஃபி எடுக்கிறார்கள். உப்பும் இனிப்பும் ருசி கண்ட ஆடு ரோட்டை விட்டுப் போகாது. வளைவில் வேகமாக வரும் வண்டியில் அடிபடும். கையை நீட்டாமல் வண்டியோரமாகவே பத்து நிமிஷம் நின்று பாருங்கள். செங்குத்துப் பாறையில் குட்டி தாயின் பின்னால் இறங்குகிற லாகவத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்க முடியாது, தள்ளி நின்றால்தான் தெரியும்.

குரங்கு விஷயமும் இப்படித்தான். வால்பாறை டவுனுக்குக் கொஞ்சம் முன்னால் புதுத்தோட்டம் பக்கம், முகத்தைச் சுற்றிச் சாம்பல் பிடரியோடு கறுப்புக் குரங்குக் கூட்டம் ஒன்று மரத்திலிருந்து மரத்துக்குத் தாவும். அதுதான் சிங்கவால் குரங்கு. சோலை மந்தி என்றும் சொல்வார்கள். மழைக்காட்டின் உச்சிக் கிளைகளிலேயே வாழ்க்கையை முடித்துக்கொள்ள வேண்டிய பிராணி. காடு துண்டு துண்டாகிப் போனதால் ரோட்டைக் கடக்க வேண்டிய நிலைமை. ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் பட்டையாகக் கட்டியிருப்பதைக் கவனித்துப் பாருங்கள். அவை கீழே இறங்காமல் கடப்பதற்காகப் போட்ட பாலம். நாம் கொடுக்கும் ஒரு பொட்டலம் சிப்ஸ் அந்தப் பாலத்தை வீணாக்கிவிடும், தின்பண்டத்துக்காகத் தரையில் இறங்கிவிடும். அங்கே வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி ரோட்டோரத்தில் ஆள் நின்று கையைக் காட்டினால் கொஞ்சம் மதியுங்கள்.

இனி யானை. இதில்தான் தப்புப் பண்ணினால் திருத்திக்கொள்ள மறு வாய்ப்பு இருக்காது. 2025 பிப்ரவரியில் பொள்ளாச்சி–வால்பாறை ரோட்டில் யானை நின்றிருந்தபோது பைக்கில் கடக்க முயன்ற ஜெர்மனிக்காரர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்துபோனார். அவர் எழுபது வயதைத் தாண்டியவர். ரோட்டில் யானையைப் பார்த்தால் ஹார்ன் அடிப்பது, லைட்டை விட்டு விட்டுப் போடுவது, "ஓரமாப் போயிரலாம்" என்று இடைவெளியில் நுழைவது, இறங்கி வீடியோ எடுப்பது, இந்த நாலையும் செய்யவே கூடாது. நல்ல தூரத்தில் நிறுத்தி, அது எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்து, போக விட வேண்டும். குட்டி இருக்கிற கூட்டம் என்றால் ஒன்று கடந்ததும் உடனே கிளம்பாதீர்கள். பின்னால் இன்னொன்று புதருக்குள் நிற்கும். பின்னால் நிற்கிற வண்டிகள் ஒட்டி ஒட்டி வந்து ரிவர்ஸுக்கு இடமில்லாமல் செய்வதும் பெரிய ஆபத்து. முன்வண்டி நின்றால் நீங்கள் நாலு வண்டி தூரம் விட்டு நில்லுங்கள்.

உள்ளூர்க்காரர்கள் இதற்காக ஒரு நல்ல ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். எஸ்டேட் ரோடுகளில் சில இடங்களில் உயரத்தில் சிவப்பு விளக்கு ஒன்று மாட்டியிருக்கும். பக்கத்தில் யானை இருப்பது தெரிந்தால் அந்தப் பகுதி ஆட்கள் போனிலிருந்தே அதை எரிய விடுவார்கள். யானை எங்கே நிற்கிறது என்று தொழிலாளர்களுக்குக் குறுஞ்செய்தியும் போகும். 2011 முதல் இது நடக்கிறது. வெளியூர்க்காரர்கள் அந்த விளக்கை ஏதோ டவர் விளக்கு என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எரிகிற விளக்கைப் பார்த்தால் அங்கேயே நின்று, வருகிற ஜீப்காரரையோ பஸ் டிரைவரையோ கேளுங்கள். "ஏனுங்ண்ணா, முன்னால யானை நிக்குதுங்களா?" என்று கேட்டால் பொறுமையாகச் சொல்வார்கள். ஊர்க்காரர் "இப்பப் போகாதீங்க" என்றால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வால்பாறையில் உயிர் போகிற விஷயத்தில் யானையைச் சொல்லிப் பயப்படுகிறவர்கள் ஆற்றைக் கண்டு பயப்படுவதே இல்லை. 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் பக்கத்து ஆற்றில் குளிக்க இறங்கிய கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். எல்லாரும் இளவட்டம். ஒருவர் இழுபட்டுப் போக, காப்பாற்றப் போனவர்களும் போய்விட்டார்கள். கூழாங்கல் ஆற்றைப் பார்த்தால் கணுக்கால் தண்ணீர், அடியில் கல் தெரியும், பிள்ளைகள் விளையாடும் இடம்போல இருக்கும். மலையாறுகளில் ரெண்டு எட்டு தள்ளி ஆளை முழுக்கும் பள்ளம் இருக்கலாம். உருண்ட கல்லில் பாசி பிடித்திருக்கும், கால் வைத்ததும் நழுவும். மேலே எங்கோ மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும். தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கி, சருகும் குச்சியும் சேர்ந்து வர ஆரம்பித்தால் செருப்பைக்கூடத் தேடாமல் கரையேறிவிடுங்கள்.

உடுமலைப் பக்கம் திருமூர்த்தி மலைக்குப் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். பஞ்சலிங்க அருவிக்கு மேல் மலையில் மழை கொட்டினால் அடிவாரத்து அமணலிங்கேஸ்வரர் கோயிலையே வெள்ளம் சூழ்ந்துவிடும். ஆழியாறு குரங்கு அருவியைத் தடுப்புப் போட்டு மூடியிருந்தால் "சும்மா ஓரமா நின்னு பாத்துட்டு வர்றோம்" என்று காவலரிடம் மல்லுக்கட்டாதீர்கள். அணைகளிலும் நீர்ப்பிடிப்பில் இறங்கக் கூடாது. நீராற்றுத் தண்ணீர் சுரங்கம் வழியாகச் சோலையாறு வந்து, பரம்பிக்குளம் போய், கடைசியில் பொள்ளாச்சி, உடுமலைத் தோட்டங்களுக்குப் பாய்கிறது. நம் தென்னந்தோப்பு வாய்க்காலில் ஓடுவது இந்த மலைத் தண்ணீர்தான். அதில் எச்சில் இலையும் பாட்டிலும் வீசிவிட்டு வருவதற்கு எப்படித்தான் மனசு வருகிறதோ தெரியவில்லை.

பருவம் பார்க்காமல் ரூம் போடுவது அடுத்தது. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வால்பாறையில் மழை விடாது. சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிகம் மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அந்த மாதங்களில் பச்சை அழகாக இருக்கும், உண்மைதான். ஆனால் வியூ பாயின்ட் எதிலும் ஒன்றும் தெரியாது, மண் சரிந்தால் ரோடு அடைபடும், காலில் அட்டை ஏறும். அட்டையைப் பிடுங்கி எறியாமல், உப்போ மூக்குப்பொடியோ வைத்தால் தானாக விழுந்துவிடும். தெளிந்த வானம் வேண்டுமென்றால் டிசம்பர், ஜனவரி. பிப்ரவரிக்கு மேல் காடு காய்ந்துவிடும். அப்போது ரோட்டோரம் அடுப்பு மூட்டிச் சமைப்பதும், பீடித் துண்டை அணைக்காமல் எறிவதும் மலையையே கொளுத்திவிடும்.

தேயிலைக்குள் இறங்கிப் படம் எடுப்பதைச் சொல்லாமல் விட முடியாது. அது எஸ்டேட் நிலம், கேட்டுவிட்டு இறங்குவதுதான் முறை. இன்னொன்று, தேயிலைப் புதருக்கு நடுவே சிறுத்தை பகலிலும் படுத்திருக்கும். சாயந்திரத்துக்கு மேல் லைன் வீட்டுக்காரர்களே பிள்ளைகளை வாசலில் விடுவதில்லை. நீங்களும் காட்டேஜை விட்டுப் பிள்ளைகளைத் தனியே அனுப்பாதீர்கள். ரீல்ஸைப் பார்த்துவிட்டு அக்காமலை புல்வெளிக்கு ஆள் பிடித்துப் போகலாம் என்று அலைகிறவர்களும் உண்டு. அது சுற்றுலா இடம் கிடையாது. யாராவது பணம் வாங்கிக்கொண்டு கூட்டிப்போகிறேன் என்றால், மாட்டினால் வழக்கு உங்கள் பேரில்தான்.

டாப்சிலிப்புக்குப் போனால் சொந்தக் காரில் காடு சுற்றலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். வனத்துறை வண்டியில்தான் உள்ளே கூட்டிப்போவார்கள். கோழிகமுத்தி யானை முகாமைப் பார்க்க வேண்டுமென்றால் நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். புலி பார்த்தே தீர வேண்டும் என்று போகிறவர்கள் சலித்துப்போய்த் திரும்புகிறார்கள். அங்கே பார்க்க வேண்டியது தேக்கு மரங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மொட்டை அடித்த மலையில் திரும்பத் தேக்கை வளர்த்தெடுத்த வன அதிகாரி ஹ்யூகோ வுட்டின் கல்லறை அந்த மரங்களுக்கு நடுவிலேயே இருக்கிறது. அதைப் பார்க்காமலே பாதிப் பேர் வந்துவிடுகிறார்கள்.

கடைசியாக இறக்கம். ஞாயிறு மதியச் சாப்பாடு முடித்து, தூக்கக் கலக்கத்தோடு 40 வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்குவதால்தான் பாதி வழியில் டயர் பக்கம் கருகல் வாடை வருகிறது. பிரேக் சூடேறிவிட்டால் பிடிக்காது. ஏறும்போது போட்ட அதே கியரில் இறங்குங்கள், நியூட்ரல் பக்கமே போகாதீர்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டு நில்லுங்கள். வாடை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வாந்தி வருகிற ஆளை முன் சீட்டில் உட்கார வைத்து, காலையில் ரெண்டு இட்லியோடு பத்து மணிக்குள் வால்பாறையை விட்டால், மதியச் சாப்பாட்டைப் பொள்ளாச்சியில் நிம்மதியாகச் சாப்பிடலாம்.