அனுபவமுள்ள நர்ஸ் ஃப்ளைட் நர்ஸ் ஆவது எப்படி?

அமெரிக்காவில் பத்துப் பதினைந்து வருடம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு, ஹெலிகாப்டரில் நோயாளிகளைக் கவனிக்கும் ஃப்ளைட் நர்ஸ் வேலைக்குப் போகலாமா என்று யோசிப்பவர்கள் முதலில் விசாரிப்பது எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்பதைத்தான். அது இரண்டாவது கேள்வி. வேலைக்கு எடுப்பவர்கள் முதலில் பார்ப்பது நீங்கள் எப்படிப்பட்ட நோயாளிகளைக் கவனித்திருக்கிறீர்கள் என்பதை. மொத்த சர்வீஸ் எத்தனை வருடம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

காரணம் வேலையிலேயே இருக்கிறது. பெரும்பாலான மருத்துவ ஹெலிகாப்டர்களில் ஒரு பைலட், ஒரு நர்ஸ், ஒரு பாராமெடிக் (அவசர சிகிச்சையில் பயிற்சி பெற்ற ஆம்புலன்ஸ் ஊழியர்) மட்டுமே இருப்பார்கள். வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளிக்கு நடுவழியில் ரத்த அழுத்தம் சரிந்தால், கையில் உள்ள சிகிச்சை வழிமுறையை வைத்து நர்ஸும் பாராமெடிக்கும்தான் முடிவெடுக்க வேண்டும். டாக்டரை ரேடியோவிலோ ஃபோனிலோ பிடிக்கலாம், ஆனால் அவர் பக்கத்தில் இருக்கமாட்டார்.

முதல் படி: சரியான வார்டு

பொதுவாக மூன்று முதல் ஐந்து வருட ஐசியு அல்லது எமர்ஜென்சி அனுபவம் கேட்பார்கள். பொது வார்டிலோ கிளினிக்கிலோ பன்னிரண்டு வருடம் இருந்திருந்தாலும் இந்தக் கணக்கில் அது சேராது. வருத்தமான விஷயம்தான், ஆனால் இதை முதலிலேயே தெரிந்துகொண்டால் வீண் விண்ணப்பங்கள் மிச்சம்.

ஐசியுவா, எமர்ஜென்சியா? இரண்டிலும் இருந்திருந்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் பெரிய மருத்துவமனையின் ஐசியு என்றே நான் சொல்வேன். விபத்து நடந்த சாலையில் இறங்குவதுதான் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் இந்த வேலையில் பெரும்பங்கு, சின்ன மருத்துவமனையில் இருக்கும் மோசமான நோயாளியைப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவது. ரத்த அழுத்தத்தைத் தொடர்ந்து காட்ட தமனிக்குள் போடும் ஆர்டீரியல் லைன், மருந்து செலுத்தும் நான்கைந்து பம்ப், சில சமயம் இதயத்துக்கு உதவும் பலூன் பம்ப் என்று எல்லாமே கூட வரும். இவற்றை முதல்முறை ஹெலிகாப்டரில் வைத்துப் பழக முடியாது.

இரண்டாவது படி: சான்றிதழ்கள்

பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காப்பு), ஏசிஎல்எஸ் (பெரியவர்களுக்கான மேம்பட்ட இதய உயிர்காப்பு), பிஏஎல்எஸ் (குழந்தைகளுக்கான மேம்பட்ட உயிர்காப்பு) மூன்றும் கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பச்சிளங்குழந்தைகளுக்கான என்ஆர்பி, விபத்துக் காயங்களுக்கான டிஎன்சிசி ஆகியவற்றையும் பல இடங்களில் கேட்பார்கள். இந்தத் துறைக்கே உரிய சான்றிதழ் சிஎஃப்ஆர்என், அதாவது ஃப்ளைட் நர்ஸுக்கான சான்றிதழ். மூன்று மணி நேரத் தேர்வு, 175 கேள்விகள், அதில் 150-க்குத்தான் மதிப்பெண். நான்கு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். வேலையில் சேர்ந்து குறிப்பிட்ட காலத்துக்குள் இதை முடித்தால் போதும் என்று பல நிறுவனங்கள் விட்டுவிடுகின்றன. ஆனாலும் முன்கூட்டியே படிக்கத் தொடங்குங்கள், ஏனென்றால் அடுத்த படிக்கு அந்தப் படிப்புதான் அடித்தளம்.

மூன்றாவது படி: உயரம் உடலை என்ன செய்யும்

எத்தனை வருட ஐசியு அனுபவம் இருந்தாலும் இங்கே நீங்கள் புதியவர். மேலே போகப் போக வெளி அழுத்தம் குறையும், அடைபட்ட காற்று விரியும். இதுதான் பாயில் விதி. 18,000 அடியில் அழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான். அவ்வளவு உயரம் போகவே வேண்டாம். அழுத்தம் கட்டுப்படுத்தப்பட்ட விமானத்தின் உள்ளே 8,000 அடி உயரத்துக்குச் சமமான நிலை இருக்கலாம். அங்கேயே காற்று ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விரிந்துவிடும். தரையில் தொந்தரவு தராத ஒரு சின்ன நியூமோதொராக்ஸ் (நுரையீரலுக்கு வெளியே மார்புக்குள் காற்று தேங்குவது) மேலே போனதும் பெரிதாகலாம். அதனால் அந்தக் காற்றை வெளியேற்றும் செஸ்ட் டியூப் தேவையா என்பதைக் கிளம்பும் முன்பே முடிவு செய்ய வேண்டும். மூச்சுக்குழாயில் போட்ட டியூபைச் சுற்றிக் காற்றடைத்திருக்கும் கஃபும் இப்படித்தான் விரியும். அதன் அழுத்தம் 20 முதல் 30 செ.மீ. நீர் அளவுக்குள் இருக்கிறதா என்று மேலே போனதும் பாருங்கள், இறங்கிய பிறகும் பாருங்கள்.

அடுத்தது ஆக்சிஜன். எந்த உயரத்திலும் காற்றில் அது 21 சதவீதம்தான். ஆனால் மொத்த அழுத்தம் குறைவதால் ரத்தத்துக்குள் போவது குறைகிறது. தரையில் ரத்த ஆக்சிஜன் அளவு 92 சதவீதம் காட்டிய நோயாளி மேலேயும் அதே அளவில் இருப்பார் என்று நம்ப வேண்டாம்.

அப்புறம் சத்தம். ஓடும் ஹெலிகாப்டருக்குள் ஸ்டெதஸ்கோப்பை நம்ப முடியாது. மார்பு ஏறி இறங்குவது, வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கேப்னோகிராஃபியின் அலைவடிவம், கையால் தொட்டுப் பார்க்கும் நாடி, இவைதான் துணை. இப்போதைய வார்டிலேயே இதைப் பழகலாம்: காதை நம்பாமல் கண்ணாலும் கையாலும் நோயாளியைக் கணித்துவிட்டு, பிறகு ஸ்டெதஸ்கோப் வைத்து அந்தக் கணிப்பைச் சரிபாருங்கள்.

நான்காவது படி: பக்கத்தில் போய்ப் பாருங்கள்

சில ஹெலிகாப்டர் தளங்கள் பார்வையாளராக ஒரு ஷிஃப்ட் கூடவே இருக்க அனுமதிக்கின்றன. கேட்டுப் பாருங்கள். நேரடியாக வேலை கிடைக்காவிட்டால் தரைவழி கிரிட்டிக்கல் கேர் ஆம்புலன்ஸில் பகுதி நேரமாகச் சேருங்கள். ஓடும் வண்டியில் மருந்து கலக்குவதும், கைக்கு எட்டும் இடத்தில் பொருளை வைத்துக்கொள்வதும் அங்கே பழகிவிடும்.

ஐந்தாவது படி: உடம்பு, வீடு, சம்பளம்

ஹெலிகாப்டரில் எடை வரம்பு உண்டு. ஹெல்மெட், பூட்ஸ், உடை எல்லாம் சேர்த்து நிறுத்துப் பார்க்கும் இடங்களும் இருக்கின்றன. ஸ்ட்ரெச்சர் தூக்க முதுகு ஒத்துழைக்க வேண்டும். ஷிஃப்ட் 12 மணி நேரம், சில தளங்களில் 24. சீனியர் நர்ஸாக இருந்தவருக்குச் சம்பளம் குறையவும் வாய்ப்பு உண்டு. விண்ணப்பிக்கும் முன் வீட்டில் பேசிவிடுங்கள். மாநில எல்லையைத் தாண்டிப் பறக்கும் தளம் என்றால் எந்தெந்த மாநில லைசென்ஸ் வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாவது படி: நேர்முகத் தேர்வு

எழுத்துத் தேர்வும், பொம்மையை வைத்து நோயாளி நிலைமையைச் சமாளிக்கச் சொல்லும் சோதனையும் இருக்கலாம். அதில் வாய்விட்டு யோசியுங்கள். உங்கள் மனதில் ஓடுவது பாராமெடிக்குக்குத் தெரியாவிட்டால் அவரால் உதவ முடியாது என்பதைத்தான் அங்கே கவனிக்கிறார்கள்.

பாதுகாப்பு பற்றிய கேள்வியும் எதிர்பார்க்க வேண்டியதே. கிளம்ப மூன்று பேரும் சம்மதிக்க வேண்டும், நிறுத்த ஒருவர் போதும் என்பது இந்தத் துறையின் வழக்கம். பல இடங்களில் வானிலையைப் பார்த்துப் பைலட் முடிவெடுக்கும்வரை நோயாளியைப் பற்றி அவரிடம் எதுவும் சொல்வதில்லை. குழந்தை என்று தெரிந்தால் மோசமான வானிலையிலும் கிளம்பத் தோன்றும் அல்லவா? இத்தனை வருடத்தில் சீனியர் ஒருவரிடம் 'வேண்டாம், நிறுத்துங்கள்' என்று நீங்கள் சொன்ன சம்பவம் ஏதாவது இருந்தால், அதைச் சொல்லத் தயாராகப் போங்கள்.