22 வயது ஆகாதவர்களுக்கு வாட்ச் ஈசிஜி: என்ன செய்யலாம்?

மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஈசிஜி எடுப்பது என் வேலை. படபடப்பு என்று வரும் கல்லூரிப் பிள்ளைகள் பலர் ஸ்மார்ட்வாட்ச் கட்டியிருக்கிறார்கள். "இதுல ஈசிஜி வர மாட்டேங்குதுக்கா" என்பார்கள். வாட்சில் பழுதில்லை. ஆப்பிள், சாம்சங், ஃபிட்பிட் மூன்றிலுமே ஈசிஜி 22 வயது நிறைந்தவர்களுக்குத்தான்.

அமெரிக்காவில் மருத்துவக் கருவிகளுக்கான சட்டப்படி 21 வயது வரை குழந்தைகள் கணக்கு. 2018-இல் எஃப்டிஏ (அங்கே மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பு) ஆப்பிள் வாட்ச் ஈசிஜிக்கு அனுமதி கொடுத்தபோதே 22 வயது வரம்பு இருந்தது. இந்த வசதி முக்கியமாகத் தேடுவது ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற இதயத் தாளக்கோளாறை, அதாவது துடிப்பு ஒழுங்கில்லாமல் அடிப்பதை. வயது ஏற ஏற வருவது அது, இளையவர்களிடம் அபூர்வம். இளம் வயதில் மூச்சை இழுக்கும்போது துடிப்பு கூடி, விடும்போது குறைவது சகஜம், பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் வாட்ச் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளக்கூடும்.

சிலர் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டு ஈசிஜியைத் திறக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வாட்ச் வீணாகப் பயமுறுத்தினால்கூடப் பரவாயில்லை. 'சைனஸ் ரிதம்' (இயல்பான தாளம்) என்று அது காட்டியதை நம்பி, டாக்டரிடம் போகாமல் இருந்துவிடுவதுதான் எனக்குப் பெரிய கவலை.

சரி, 19 வயதுப் பிள்ளை என்ன செய்யலாம்? ஆப்பிள் வாட்சில் அதிகத் துடிப்புக்கான எச்சரிக்கை 13 வயதிலிருந்தே உண்டு. ஐபோனில் வாட்ச் ஆப், அதில் ஹார்ட் பகுதிக்குப் போனால் அளவை வைக்கலாம். 120 என்று வைத்தால், பத்து நிமிடம் அசையாமல் இருக்கும்போதும் துடிப்பு அதற்கு மேலேயே இருந்தால் சொல்லும். படபடப்பு வந்தவுடன் உட்கார்ந்து, வாட்ச் காட்டும் எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பட்டை தளர்ந்திருந்தால் எண் தப்பாக வரும். அதனால் மணிக்கட்டில் விரல் வைத்து 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கியும் பாருங்கள். அப்புறம், மெல்ல ஏறியதா, ஸ்விட்ச் போட்டது மாதிரி சட்டென்று தொடங்கி சட்டென்று நின்றதா என்று குறித்துக்கொள்ளுங்கள். திடீரென்று 180, 190 போய் திடீரென்று நிற்பது எஸ்விடியாக, அதாவது இதயத்தின் மேல்பகுதியிலிருந்து கிளம்பும் வேகத் துடிப்பாக இருக்கலாம். இளையவர்களிடம் நாங்கள் அதிகம் பார்ப்பது அதைத்தான். டாக்டருக்கு இந்தக் குறிப்பு பெரிய உதவி.

ஆப்பிள் வாட்ச் வைத்திருக்கும் 22 நிறைந்தவர்கள் ஐபோனின் ஹெல்த் ஆப்பில் ஈசிஜியை அமைத்துக்கொள்ளலாம். கையை மேசையில் வைத்து, பக்கவாட்டுக் குமிழில் மறுகை விரலை 30 விநாடி வையுங்கள், பேசாதீர்கள். முடிவை பிடிஎஃப் ஆக்கி டாக்டரிடம் காட்டலாம். ஆனால் அது ஒரே ஒரு லீட், அதாவது இதயத்தை ஒரே கோணத்திலிருந்து பார்ப்பது. மாரடைப்பை அது கண்டுபிடிக்காது.

ஓடும்போது மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருந்தாலோ வாட்சைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மயக்கம், நெஞ்சுவலி என்றால் உடனே 108. குடும்பத்தில் அப்படி நடந்திருந்தால், தொந்தரவு இல்லாவிட்டாலும் ஒருமுறை இதய டாக்டரைப் பாருங்கள்.

எங்களிடம் 12 லீட் ஈசிஜி எடுக்க ஐந்து நிமிடம் போதும். படபடப்பு இல்லாத நேரத்தில் அது நார்மலாகவே வரலாம். அப்போது டாக்டர் 24 மணி நேர ஹோல்டர் (துடிப்பைத் தொடர்ந்து பதிவு செய்ய உடம்பில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி) எழுதுவார். வரும்போது முன்பக்கம் பட்டன் உள்ள சட்டை போட்டு வாருங்கள், நெஞ்சில் எண்ணெயோ க்ரீமோ தடவாதீர்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் மறக்காமல் காட்டுங்கள்.