ஸ்கோப் வாங்கும்முன் குமிழைப் பாருங்கள்

துப்பாக்கி சுடும் கிளப்பில் தொலைதூரச் சுடுதல் தொடங்குபவர்கள் ஸ்கோப் (துப்பாக்கிமேல் பொருத்தும் குறிநோக்கி) வாங்கும்போது மில் கோடுள்ள ரெட்டிக்கிளை (உள்ளே தெரியும் குறிக்கோடுகள்) மில் குமிழோடு (குறியைச் சரிசெய்யத் திருகுவது) சேர்த்தே வாங்குங்கள். மில், எம்.ஓ.ஏ. இரண்டும் கோண அளவுகள். கோடு மில்லிலும் குமிழ் எம்.ஓ.ஏ.விலும் இருக்கும் ஸ்கோப் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

நமக்கு மீட்டர் கணக்குப் பழக்கம். 1 மில் என்பது 100 மீட்டரில் 10 செ.மீ., 300 மீட்டரில் 30 செ.மீ. குமிழின் ஒரு கிளிக் 0.1 மில். குண்டு ஒன்றரை மில் கீழே விழுந்தால் 15 கிளிக் மேலே ஏற்றினால் போதும். தூரமே தெரிய வேண்டியதில்லை. அளவு கலந்தால் மில்லை எம்.ஓ.ஏ. ஆக்க ஒவ்வொரு முறையும் 3.44 ஆல் பெருக்க வேண்டும். பதற்றத்தில் அங்கேதான் கணக்குப் பிசகும்.

இன்னொன்று, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை: ரெட்டிக்கிள் முதல் குவியத்தளத்தில் (உருப்பெருக்கத்தோடு கோடும் பெரிதாகிச் சிறிதாகும் அமைப்பு) இருந்தால் எந்த உருப்பெருக்கத்திலும் கோட்டளவு சரியாக இருக்கும். இரண்டாம் குவியத்தளத்தில் (கோடு அப்படியே இருக்கும் அமைப்பு) இருந்தால் குறிப்பிட்ட ஓர் உருப்பெருக்கத்தில் மட்டுமே சரி, பெரும்பாலும் அதிகபட்சத்தில். அதைப் பாதியாகக் குறைத்தால் 1 மில் கோடு 2 மில்லைக் காட்டும்.

கீழே கிளை கிளையாக விரியும் ரெட்டிக்கிள் தொடக்கத்தில் கண்ணைக் குழப்பும். அரை மில் கோடுகள் போதும்.

50 மீட்டர் சுடுதளத்தில் மட்டும் சுடுவோருக்கு இதெல்லாம் தேவையில்லை, சாதாரணக் குறுக்குக்கோடே போதும். உரிமத்துடன் செம்பனைத் தோட்டத்தில் மங்கிய வெளிச்சத்தில் பன்றிக்குக் குறிவைப்பவர்களுக்கும் அப்படியே: முதல் குவியத்தள ரெட்டிக்கிள் குறைந்த உருப்பெருக்கத்தில் நூலாக மெலிந்துவிடும், தடித்த கோடே உதவும்.